இடுப்பில் துப்பாக்கி இருந்தாலே போலீஸ் நிறுத்தலாமா?

2010 ஜூன் மாதத்தில் ஒரு மாலை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ என்ற ஊரில் ஒருவர் மனைவி, மகள், பேரன், நாய் சகிதம் தெருவில் நடந்துகொண்டிருந்தார். இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி, பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும்படி. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, இப்படித் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். நடக்கலாம் என்று மனைவி பதில் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. ஒஹையோவில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்ல உரிமம்கூட வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள்காரர் சமாதானமாகவில்லை, அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் போட்டார். வந்த போலீஸ்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கைவிலங்கு மாட்டி, அந்த மனிதரை அரை மணி நேரம் தன் காரில் உட்கார வைத்தார்.

அவர் வழக்குப் போட்டார். 2015-இல் ஆறாவது வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது (வட்டாரம் என்பது சில மாநிலங்களின் தொகுப்பு, அதன் நீதிமன்றம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே). போலீஸ் தரப்பின் வாதம் எளிமையானது: துப்பாக்கி வைத்திருந்தார், அவர் பழைய குற்றவாளியாக இருக்கலாம், மனநிலை சரியில்லாதவராக இருக்கலாம், நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்? நீதிபதி ஜெஃப்ரி சட்டன் இதை ஏற்கவில்லை. மாநிலம் அனுமதித்த ஒரு காரியத்தைச் செய்வதே சந்தேகத்துக்குக் காரணம் ஆகிவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் நான்காவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பாதுகாப்பு என்று ஒன்றும் மிஞ்சாது என்பது தீர்ப்பின் சாரம்.

படிக்கும்போது விஷயம் இத்தோடு முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. அமெரிக்கச் சட்டம் முன்பின் தெரியாத ஒருவரின் துப்பாக்கியைப் பற்றி ஒரே நேரத்தில் இரண்டு எண்ணங்களை வைத்திருக்கிறது. ஆளை நிறுத்தலாமா என்று கேட்கும் இடத்தில், துப்பாக்கி சட்டபூர்வமான பொருள் என்கிறது. நிறுத்தியபின் உடலைச் சோதிக்கலாமா என்று கேட்கும் இடத்தில், அதே துப்பாக்கி ஆபத்து என்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒன்றோடொன்று மோதாமல் இத்தனை காலம் ஓடின, இப்போது ஏன் மோதுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள 1963-க்குப் போக வேண்டும். அதுவும் ஒஹையோதான்.

கிளீவ்லாந்து, 1963

அக்டோபர் 31 பிற்பகல். கிளீவ்லாந்து நகரின் கடைத்தெருவில் மார்ட்டின் மக்ஃபேடன் என்ற துப்பறியும் போலீஸ்காரர் மஃப்டியில் நின்றிருந்தார். 39 ஆண்டு அனுபவம். இரண்டு பேர் மாறி மாறி ஒரு கடையின் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பேசிக்கொண்டதைக் கவனித்தார். இருவருமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டஜன் தடவை. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். கடையைக் கொள்ளையடிக்க நோட்டம் பார்க்கிறார்கள் என்று மக்ஃபேடன் முடிவு கட்டினார். கிட்டப் போய்ப் பெயர் கேட்டார். முணுமுணுப்பாக ஏதோ பதில் வந்தது. ஜான் டெர்ரி என்பவரைப் பிடித்துத் திருப்பி, மேல்கோட்டை வெளிப்புறமாகத் தடவினார். உள்ளே கைத்துப்பாக்கி. கூட இருந்த சில்டனிடமும் ஒன்று. மறைத்து ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு டெர்ரிக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை.

டெர்ரிக்காக வாதாடியவர் லூயிஸ் ஸ்டோக்ஸ், பின்னால் ஒஹையோவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினத்தவர். அவருடைய வாதத்தில் பலம் இருந்தது. நியாயமற்ற சோதனையிலிருந்தும் பிடித்து வைப்பதிலிருந்தும் நான்காவது திருத்தம் மக்களைப் பாதுகாக்கிறது. கைது செய்ய வேண்டுமானால் குற்றம் நடந்ததற்கு வலுவான முகாந்திரம் வேண்டும். மக்ஃபேடனிடம் அது இல்லை. அவரிடம் இருந்தது ஓர் ஊகம்.

1968 ஜூன் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று போலீஸ் பக்கம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் புதிதாக ஒரு நடுப்படியை உருவாக்கினார். கைதுக்குத் தேவையான முகாந்திரம் இல்லாவிட்டாலும், குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று எண்ண நியாயமான சந்தேகம் இருந்தால் ஆளைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாம். அந்தச் சந்தேகத்துக்கான விவரங்களைப் போலீஸ்காரர் பிற்பாடு நீதிமன்றத்தில் சொல்லிக்காட்ட முடிய வேண்டும், உள்ளுணர்வு போதாது. அப்புறம், நிறுத்தப்பட்டவர் ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்று நம்ப இடம் இருந்தால் உடுப்பின் மேலாகத் தடவிப் பார்க்கலாம். தனித்து மறுத்த நீதிபதி வில்லியம் டக்ளஸ், இது சர்வாதிகாரப் பாதையில் நீண்ட ஓர் அடி என்று எழுதினார்.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய சொற்சேர்க்கை ஒன்று உண்டு. ‘ஆயுதம் உள்ளவர், ஆபத்தானவர்.’ இது இரண்டு நிபந்தனையா, ஒன்றா? 1968-இல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அலட்டிக்கொள்ளக் காரணமும் இல்லை. அன்றைய ஒஹையோவில் கோட்டுக்குள் துப்பாக்கியை மறைத்துவைத்துக்கொண்டு கடைத்தெருவில் நிற்பது சாதாரண மனிதருக்குக் குற்றம். துப்பாக்கி தட்டுப்பட்டால் குற்றமும் தட்டுப்பட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெர்ரியும் சில்டனும் கறுப்பினத்தவர், மூன்றாமவர் வெள்ளையர். தீர்ப்பில் இந்த விவரம் இல்லை. சிறுபான்மையினரைப் போலீஸ் தொந்தரவு செய்வதாகப் பொதுவில் புகார் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட வாரன், தன் முன்னால் இருந்த மனிதர்களின் இனத்தை எழுதவில்லை.

துப்பாக்கி குற்றமாக இருந்தது, உரிமையானது

ஆயுதம் தாங்கும் உரிமையைப் பேசும் இரண்டாவது திருத்தம் 1791 முதல் இருக்கிறது. ஆனாலும் அது தனிமனித உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இல், தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை ரத்து செய்த ஹெல்லர் வழக்கில். அது வீட்டுக்குள் வைத்திருப்பதைப் பற்றியது. 2010-இல் அதே உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022 ஜூன் 23-இல் புரூயன் வழக்கு, 6-க்கு 3. நியூயார்க்கில் 1911-இலிருந்து சல்லிவன் சட்டம் இருந்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டுமென்றால், மற்றவர்களுக்கு இல்லாத தனிப்பட்ட தேவை தனக்கு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். அது செல்லாது என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். தெருவில் ஆயுதம் எடுத்துச் செல்வதும் உரிமை ஆயிற்று.

நீதிமன்றத்துக்கு முன்பே மாநிலங்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தன. தகுதி இருந்தால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை 43 மாநிலங்களில் வந்துவிட்டதாகப் புரூயன் தீர்ப்பே கணக்குச் சொல்கிறது. உரிமமே வேண்டாம் என்ற பழக்கம் நெடுங்காலம் வெர்மான்ட்டில் மட்டும் இருந்தது. 2003-இல் அலாஸ்கா, 2010-இல் அரிசோனா, 2021-இல் டெக்சாஸ் என்று பெருகி, 2024-இல் லூசியானாவும் தெற்குக் கரோலினாவும் சேர்ந்தபோது எண்ணிக்கை 29. ஒஹையோ 2022 ஜூனில் சேர்ந்தது. அதாவது டெர்ரி எந்தச் செயலுக்காகச் சிறைக்குப் போனாரோ, 21 வயது நிரம்பி வேறு தடை எதுவும் இல்லாதவருக்கு அதே கிளீவ்லாந்தில் இன்று அதைச் செய்ய ஒரு துண்டுக் காகிதமும் தேவையில்லை.

டெர்ரி தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த உரிமையின் வரலாறு சீரானதும் இல்லை. 1967 வரை கலிஃபோர்னியாவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்லலாம். ஓக்லண்டில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் அப்படித்தான் துப்பாக்கியோடு போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்தார்கள். போலீஸ் யாரையாவது நிறுத்தினால் சட்டம் அனுமதிக்கும் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். இதைத் தடுக்க டான் மல்ஃபோர்ட் என்ற சட்டமன்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்புத் தெரிவிக்க மே 2-ஆம் தேதி கட்சியினர் துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்கே போனார்கள். மசோதா இன்னும் வேகமாக நிறைவேறியது. கையெழுத்திட்டவர் அன்றைய கவர்னர் ரொனால்ட் ரேகன். துப்பாக்கி உரிமையையும் போலீஸ் அதிகாரத்தையும் சேர்த்துப் பேசும்போது யார் கையில் துப்பாக்கி என்ற கேள்வி எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுச் சட்டத்தை மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

முதல் கேள்வி: நிறுத்தலாமா?

ஒரு போலீஸ்காரர் யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் நடையைக் கட்டலாம். இதற்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. சிக்கல் ‘நில்’ என்ற கட்டத்தில் தொடங்குகிறது. அங்கே நியாயமான சந்தேகம் வேண்டும். பெயர் கேட்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்த முடியாது என்று 1979-இல் பிரவுன் எதிர் டெக்சாஸ் வழக்கில் முடிவானது. முறையாக நிறுத்தப்பட்டவர் பெயர் சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது 2004-இல் வந்த ஹைபல் தீர்ப்பு.

துப்பாக்கி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றில் முக்கியமானது 2000-இல் வந்த ஃபுளோரிடா எதிர் ஜே.எல். வழக்கு. மயாமியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் கட்டம்போட்ட சட்டை அணிந்த பையனிடம் துப்பாக்கி இருப்பதாகப் பெயர் சொல்லாத ஒருவர் போனில் சொன்னார். போலீஸ் போய்த் தடவியது, துப்பாக்கி இருந்தது. பையனுக்கு 16 வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அந்தச் சோதனை செல்லாது என்றார்கள். துப்பாக்கி ஆபத்தானது, ஆகவே அதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள் என்று அரசு கேட்டதை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மறுத்தார். கொடுத்தால், பிடிக்காத ஒருவரை நடுத்தெருவில் சோதனைக்கு ஆளாக்க ஒரே ஒரு பொய்ப் போன் போதும்.

அதற்கப்புறம் கீழ் நீதிமன்றங்கள் இன்னொரு படி ஏறின. தகவல் உண்மையாகவே இருக்கட்டும், துப்பாக்கியைக் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அதனால் என்ன? வடக்குக் கரோலினாவில் சார்லட் நகர் வழக்கொன்றில் 2013-இல் நான்காவது வட்டார நீதிமன்றம், வெளிப்படையாக ஆயுதம் எடுத்துச் செல்ல மாநிலம் அனுமதிக்கும்போது அது ஒன்றே நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது என்றது. இந்தியானாவின் கேரி நகரில், கார் நிறுத்துமிடத்தில் பையன்கள் துப்பாக்கிகளோடு விளையாடுகிறார்கள் என்று ஒரு சிறுவன் யாரிடமோ போன் வாங்கி 911-க்குச் சொன்னான். போலீஸ் வந்து குறிப்பிட்ட காரை மறித்து நிறுத்தியது. 2018-இல் ஏழாவது வட்டார நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பது அன்றைய இந்தியானாவில் சட்டபூர்வம். வந்து பார்த்தது சரி, வந்ததும் மறித்ததுதான் தவறு. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏமி கோனி பேரட் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. உரிமம் வேண்டும் என்று சொல்லும் மாநிலத்தில் மறைத்த துப்பாக்கியைப் பார்த்தால் எது முதலில் வரும், குற்றமா உரிமமா? நியூ மெக்சிகோ வழக்கு ஒன்றில் 2013-இல் பத்தாவது வட்டார நீதிமன்றம், மறைத்துவைப்பது பொதுவாகக் குற்றம், உரிமம் அதற்கு விதிவிலக்கு, ஆகவே நிறுத்திக் கேட்கலாம் என்றது. பென்சில்வேனியா 2019-இல் நேர் எதிராகப் போனது. அலன்டவுனில் பெட்ரோல் பங்க் ஒன்றின் கேமராவில் ஒருவர் மற்றொருவரிடம் துப்பாக்கியைக் காட்டிவிட்டு இடுப்பில் செருகுவது தெரிந்தது. போலீஸ் அவர் காரை மடக்கியது. அவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்தது. ஆள் உரிமம் உள்ளவரா இல்லாதவரா என்பதை வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது, கார் ஓட்டுகிற எல்லோரையும் லைசென்ஸ் பார்க்க நிறுத்த முடியாதல்லவா என்று மாநில உச்ச நீதிமன்றம் கேட்டது. 1979-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில் கண்மூடித்தனமான லைசென்ஸ் சோதனையைத் தடுத்துவிட்டதால் இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. என் பார்வையில் பென்சில்வேனியா சொல்வதே நேர்மையானது. உரிமம் வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது உரிமத்தை ‘விதிவிலக்கு’ என்று அழைப்பது காகிதத்தில் மட்டுமே சரி.

நம் ஊர்ச் சட்டத்தைப் பழகியவர்களுக்கு இதெல்லாம் விநோதமாகத் தோன்றலாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 19-ஆவது பிரிவில், ஆயுதம் வைத்திருக்கும் எவரிடமும் எந்தப் போலீஸ் அதிகாரியும் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம் என்று நேரடியாகவே எழுதிவிட்டது. அங்கே துப்பாக்கி சலுகை, அமெரிக்காவில் உரிமை. வேறுபாடு முழுக்க அதிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர் கொண்டுபோனார் என்று சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சட்டம் கோமாளித்தனத்தையும் பார்த்திருக்கிறது. டென்னசியின் ஒரு பூங்காவுக்கு ஒருவர் ஏ.கே.-47 சாயலில் உள்ள கைத்துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டு, குழலின் நுனிக்கு விளையாட்டுத் துப்பாக்கிபோல ஆரஞ்சு நிறம் பூசி, உருமறைப்பு உடையில் போனார். வனக்காவலர்கள் நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார், 2012-இல் தோற்றார். டொலிடோ வழக்கை எழுதிய அதே சட்டன்தான் இதையும் எழுதினார். சந்தேகம் வரவேண்டும் என்று பாடுபட்டு உழைத்தவர், சந்தேகம் வந்ததும் குறைசொல்ல முடியாது என்பது அவர் சொன்னதன் பொருள். துப்பாக்கி மட்டும் போதாது, அதோடு வேறு ஏதாவது சேர வேண்டும். இங்கே நிறையவே சேர்ந்திருந்தது.

இரண்டாவது கேள்வி: தடவலாமா?

மேலே சொன்னதை எல்லாம் படித்துவிட்டுத் துப்பாக்கிக்காரருக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்தால், அது ரோட்டில் இறங்காத வரைதான் செல்லும். அமெரிக்காவில் போலீஸும் பொதுமக்களும் அதிகம் சந்திப்பது கார் நிறுத்தத்தில். அங்கே துப்பாக்கிக்காகச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. பின்விளக்கு எரியவில்லை, சிக்னல் போடாமல் தடம் மாறினார், சீட் பெல்ட் போடவில்லை, இதில் ஏதாவது ஒன்று போதும். போலீஸ்காரரின் உள்நோக்கம் வேறாக இருந்தாலும் போக்குவரத்து விதிமீறல் உண்மையாக இருந்தால் நிறுத்தம் செல்லும் என்று 1996-இல் ரென் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பானது. கண்ணுக்குத் தெரிந்த எந்த விதியையும் மீறாமல் பத்து நிமிடம் கார் ஓட்டுகிறவர் அபூர்வம். முதல் கேள்வி இப்படியாக வாசலிலேயே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது இரண்டாவது மட்டும்.

அதில் உச்ச நீதிமன்றத்தின் பழைய வரிகள் போலீஸுக்குச் சாதகம். 1972-இல் ஆடம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கு. கனெக்டிகட்டில் தகவலாளி ஒருவர் சொன்னதை நம்பி, போலீஸ்காரர் கார் ஜன்னலுக்குள் கைவிட்டு அமர்ந்திருந்தவரின் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். சரி என்றது பெரும்பான்மை. கனெக்டிகட்டில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கலாமே, உரிமம் இருக்கிறதா என்று அவர் கேட்கக்கூட இல்லையே என்று தர்குட் மார்ஷல் மாறுபட்டு எழுதினார். இன்றைக்கு விவாதிக்கப்படும் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பியவர் ஒரு தாராளவாத நீதிபதி என்பது சுவாரஸ்யம். 1977-இல் மிம்ஸ் வழக்கு. ஃபிலடெல்ஃபியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தப்பட்டவரைக் காரைவிட்டு இறங்கச் சொன்னார்கள். கோட்டின் கீழ் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. புடைப்பைப் பார்த்தவுடன் ஆயுதம் உள்ளவர், ஆகவே ஆபத்தானவர் என்று போலீஸ்காரர் முடிவு செய்தது நியாயமே என்றது தீர்ப்பு. அந்த ‘ஆகவே’யில்தான் இன்றைய வழக்குகள் எல்லாம் தொங்குகின்றன.

2014-இல் மேற்கு விர்ஜீனியாவின் ரான்சன் என்ற சிற்றூர். கடை ஒன்றின் வாசலில் ஒரு கறுப்பினத்தவர் துப்பாக்கியில் குண்டு நிரப்பி மறைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனதாகப் பெயர் சொல்லாத ஒருவர் போன் செய்தார். சிறிது நேரத்தில் போலீஸ் அந்தக் காரைக் கண்டது. உள்ளே இருந்தவர்கள் சீட் பெல்ட் போடவில்லை, அதைக் காரணம் காட்டி நிறுத்தியது. துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த மனிதர் வாயால் பதில் சொல்லாமல் ஒரு மாதிரி பார்த்தார். தடவியதில் துப்பாக்கி அகப்பட்டது. அன்றைய மேற்கு விர்ஜீனியாவில் உரிமத்தோடு மறைத்துவைப்பது சட்டபூர்வம். அவரிடம் உரிமம் உண்டா இல்லையா என்பது அந்த நிமிடம் போலீஸுக்குத் தெரியாது.

முதலில் மூன்று நீதிபதிகள் அமர்வு சோதனை தவறு என்றது. 2017-இல் நான்காவது வட்டாரத்தின் முழு அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. நீதிபதி பால் நீமையரின் தர்க்கம் இது: சட்டப்படி நிறுத்தப்பட்ட ஒருவரிடம் ஆயுதம் இருந்தால், அதுவே ஆபத்து. உரிமம் இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். ‘ஆயுதம் உள்ளவர், ஆபத்தானவர்’ என்பதில் ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும். முடிவை ஒத்துக்கொண்ட நீதிபதி ஜேம்ஸ் வின் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். துப்பாக்கி எடுத்துச் செல்ல முடிவெடுப்பவர், எடுத்துச் செல்லாதவருக்கு உள்ள சில அரசியலமைப்புப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுக்கிறார். ஓர் உரிமையைப் பயன்படுத்தினால் இன்னொரு உரிமையை இழப்பீர்கள் என்று ஃபெடரல் நீதிபதி ஒருவர் இவ்வளவு நேராகச் சொல்வது அரிது. மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பமேலா ஹாரிஸ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மாநிலமே அனுமதித்த செயலை ஆபத்துக்கு அடையாளமாக வைத்தால், யாரைத் தடவுவது என்பது முழுக்கப் போலீஸ்காரரின் விருப்பம் ஆகிவிடும். அந்த விருப்பம் எந்த மக்கள்மீது அதிகம் பாயும் என்பது தெரியாத விஷயமில்லை.

தெரியாத விஷயமில்லைதான். நியூயார்க் நகரில் 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை போலீஸ் 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுத்தங்களைச் செய்ததாக ஃப்ளாய்ட் வழக்கில் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின் 2013-இல் பதிவு செய்தார். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான ஹிஸ்பானியர். 88 சதவீத நிறுத்தங்களுக்குப் பின் மேல் நடவடிக்கையே இல்லை. தடவிப் பார்த்தவற்றில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில். டெர்ரி விதி காகிதத்தில் கேட்கும் ‘நியாயமான சந்தேகம்’ தெருவில் எந்தத் தரத்தில் புழங்கியது என்பதை இதைவிடச் சொல்லத் தேவையில்லை.

புரூயன் வழக்கில் ஒரு விநோதக் கூட்டணி அமைந்ததும் இதனால்தான். துப்பாக்கிச் சங்கங்களுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தவர்களில் பிராங்ஸ், புரூக்லின் பகுதிகளில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் அமைப்புகளும் இருந்தன. உரிமம் இல்லாத துப்பாக்கிக்காகத் தங்களிடம் வரும் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும்தான், வசதியுள்ளவர்களுக்கு உரிமம் கிடைத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

வழக்குகளைப் படிக்கும்போது மனதில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தவறான சோதனையில் கிடைத்த சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்காது என்ற விதி இருப்பதால், இந்தத் தீர்ப்புகளில் வரும் மனிதர்கள் அநேகமாக எல்லோரிடமும் ஏதாவது அகப்பட்டிருக்கும். ஒன்றும் அகப்படாதவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், வழக்கு இருக்காது. நீதிபதிகள் திரும்பத் திரும்பக் குற்றவாளிகளின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். டொலிடோக்காரரைப் போல நேரமும் கோபமும் இருப்பவர்கள் குறைவு.

சொல்வதா, வேண்டாமா?

கார் நிறுத்தத்தில் ‘என்னிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்று தானாகவே சொல்ல வேண்டுமா? மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகன், அலாஸ்கா போன்ற இடங்களில் உடனே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே விதிமீறல். ஒஹையோவில் முன்பு சொல்ல வேண்டியிருந்தது, 2022-க்குப் பிறகு கேட்டால் சொன்னால் போதும். மினசோட்டாவிலும் கேட்டால்தான்.

2016 ஜூலை 6 இரவு மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் யாரும் கேட்காமலே சொன்னார். பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளர், 32 வயது, கறுப்பினத்தவர், கையில் உரிமம் இருந்தது. அதற்குமுன் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை சின்னச் சின்னப் போக்குவரத்துக் காரணங்களுக்காக நிறுத்தப்பட்டவர். அன்றைய காரணம் பிரேக் விளக்கு. தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக மரியாதையோடு தெரிவித்துவிட்டு, கேட்டிருந்த ஆவணத்தை எடுக்கக் கையை நகர்த்தினார். போலீஸ்காரர் ஹெரோனிமோ யானஸ் ஏழு முறை சுட்டார். காரில் காஸ்டீலின் தோழியும் அந்தத் தோழியின் நான்கு வயது மகளும் இருந்தார்கள். துப்பாக்கியை எடுக்கிறார் என்று பயந்துவிட்டதாக யானஸ் சொன்னார். 2017 ஜூனில் நடுவர் குழு அவரை விடுவித்தது.

காஸ்டீல் சட்டம் கேட்டதற்கும் மேலாகவே செய்தார். அவர் சொன்ன வாக்கியம் ஒரு காதில் உரிமம் பெற்றவரின் பொறுப்பான அறிவிப்பு, இன்னொரு காதில் ஆபத்துக்கான எச்சரிக்கை. நான்காவது வட்டாரத்தின் தர்க்கத்தில் இரண்டாவது காதுக்குத்தான் மதிப்பு. இதனால்தான் உரிமப் பயிற்சி வகுப்புகளில் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வை, சொல்லாமல் எதையும் எடுக்காதே, துப்பாக்கி இருக்கும் பக்கம் கையைக் கொண்டுபோகாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல அறிவுரை, ஆனால் இதில் எதுவும் சட்டப் பாதுகாப்பு ஆகாது. காரைச் சோதிக்கலாமா என்று போலீஸ்காரர் கேட்டால் மறுக்கலாம் என்பது உரிமை. மறுக்கலாம் என்று அவர் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்பதும் 1973-லிருந்து சட்டம். நிறுத்தத்தின் வேலை முடிந்தபிறகு சந்தேகம் இல்லாமல் ஆளைக் காக்க வைக்கக் கூடாது என்று 2015-இல் ரொட்ரிகஸ் வழக்கில் தீர்ப்பானது.

ரான்சன் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2017-இல் அது விசாரிக்க மறுத்துவிட்டது. டொலிடோ வழக்கில் சட்டன் எழுதியதோ, போலீஸ்காரர் பார்த்ததெல்லாம் ஒருவர் ஆயுதம் வைத்திருந்ததை மட்டும்தான், அதுவும் சட்டபூர்வமாக. ஆபத்து எங்கே என்பதுதான் அவர் கேள்வி. முன்னது சட்டப்படி நிறுத்தப்பட்டவரைப் பற்றியது, பின்னது நிறுத்தமே தவறாக இருந்த வழக்கு என்று வழக்கறிஞர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டலாம், காட்டுகிறார்கள். ஆனாலும் ஆயுதமும் ஆபத்தும் ஒன்றா இரண்டா என்பதற்கு இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விடை வைத்திருக்கின்றன. மேற்கு விர்ஜீனியா நான்காவது வட்டாரம், ஒஹையோ ஆறாவது. நடுவில் ஒஹையோ ஆறு. வீலிங் நகரிலிருந்து பாலத்தைக் கடந்தால் சில நிமிடத்தில் அக்கரை. இடுப்பில் இருக்கும் அதே துப்பாக்கி ஆபத்தா இல்லையா என்பது, கார் எந்தக் கரையில் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.